என்பிஏ சேலரி கேப் எக்ஸப்ஷன் பாடத்த எப்படி படிக்கலாம்

ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிக்கிறவங்க நிறைய பேரு என்பிஏவோட (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) சேலரி கேப் எக்ஸப்ஷன் யூனிட்ட பாத்துதான் மிரளுறாங்க, நான் இத எழுதி பாஸ் பண்ணவன்ங்கறதால சொல்றேன், எக்ஸப்ஷன் பேரு, தொகைனு டேபிள் போட்டு மனப்பாடம் பண்ணாதீங்க. தொகை வருஷா வருஷம் மாறும். 2024-25 சீசனுக்கு கேப், அதாவது ஒரு டீமோட மொத்த சம்பளத்துக்கு லீக் வைக்கிற வரம்பு, 140.588 மில்லியன் டாலர், அடுத்த சீசன்லயே 154.647 ஆயிடுச்சு. சதவீதமும் சீசன் கணக்கும் சட்டுனு மாறாது, அதப் பிடிச்சுக்கங்க.

என்பிஏ கேப் சாஃப்ட் கேப், தாண்டலாம், ஆனா தாண்ட ஏதாவது ஒரு எக்ஸப்ஷன் (விதிவிலக்கு) வேணும். கேள்வி எப்படி சுத்தி வந்தாலும் ரெண்டே விஷயம்தான் பாக்கணும், பிளேயருக்கு எத்தன சீசன் சேந்திருக்கு, டீம் எந்த சம்பளக் கோட்டுக்கு மேல நிக்குது.

சீசன் கணக்குதான் பேர்ட் ரைட்ஸ், அதாவது டீம் தன்னோட பிளேயர கேப்ப தாண்டியும் மறுபடி ஒப்பந்தம் பண்ணிக்கிற உரிமை. மூணு சீசன்னா ஃபுல் பேர்ட், அந்த பிளேயருக்கு விதிப்படி உச்ச சம்பளமான மேக்ஸ் வரைக்கும் குடுக்கலாம். நடுவுல டிரேட் ஆனா ரைட்ஸும் கூடவே போகும், ஒப்பந்தம் முடிஞ்சு ஃப்ரீ ஏஜென்ட்டா டீம் மாறினா மறுபடி பூஜ்யம். ரெண்டு சீசன்னா எர்லி பேர்ட், பழைய சம்பளத்துல 175%, இல்ல லீக் சராசரில 105%, எது பெருசோ அது. ஒரு சீசன்னா நான்-பேர்ட், பெரும்பாலும் 120%தான்.

இது எனக்கு மண்டைல ஏறினது நிஜ டீல வச்சு கணக்கு போட்டப்பதான். புரூஸ் பிரவுன எடுங்க. 2023ல டென்வர் சாம்பியன் ஆச்சு, அவரு அங்க ஒரே சீசன், சம்பளம் கிட்டத்தட்ட 6.5 மில்லியன். டென்வரால 120% போட்டு 7.8 வரைக்கும்தான் போக முடிஞ்சுது, கேப்ல இடம் வச்சிருந்த இண்டியானா ரெண்டு வருஷத்துக்கு 45 மில்லியன்னு தூக்கிட்டு போயிட்டாங்க. அடுத்த வருஷம் நியூயார்க் நிக்ஸ்ல ஹார்ட்டன்ஸ்டைன், ரெண்டு சீசன், எர்லி பேர்ட். 9.25 மில்லியன்ல 175%னா 16 சொச்சம், ஓக்லஹோமா முதல் வருஷமே 30 குடுத்துச்சு. சாம்பியன் டீம் ஏன் நல்ல பிளேயர விடுதுனு திட்டுறவங்க இந்த கணக்க ஒரு தடவ போட்டு பாக்கலாம் 😀

அடுத்து கோடு. எக்ஸாம்ல நெறைய பேரு மார்க் விடுறது இங்கதான், லீக்கும் பிளேயர்ஸ் யூனியனும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்கு முன்னாடி எழுதின பழைய நோட்ஸ் வச்சு இந்த பகுதிய படிக்கவே கூடாது. பெரிய மிட் லெவல் எக்ஸப்ஷன் (கேப்ப தாண்டின டீம் வெளி பிளேயர எடுக்க உதவுறது) யூஸ் பண்ணா ஃபர்ஸ்ட் ஏப்ரன்ல, அதாவது கேப்புக்கு மேல இருக்கிற ஒரு சம்பளக் கோட்டுல, ஹார்ட் கேப், அந்த சீசன் முழுக்க ஒரு டாலர் கூட அத தாண்ட முடியாது. லக்சுரி டேக்ஸ் கட்டுற டீமுக்கான சின்ன டேக்ஸ்பேயர் மிட் லெவல்னா, அதுக்கும் மேல இருக்கிற செகண்ட் ஏப்ரன்ல பூட்டு. செகண்ட் ஏப்ரனுக்கு மேலயே நிக்கிற டீமுக்கு அதுவும் கிடையாது, வெளியிலருந்து ஃப்ரீ ஏஜென்ட் எடுக்கணும்னா மினிமம் சம்பளம்தான். 2024ல டயஸ் ஜோன்ஸ் ஃபீனிக்ஸுக்கு வந்தது அப்படித்தான்.

கேப் ஹோல்டையும் விட்றாதீங்க. ஃப்ரீ ஏஜென்ட் ஆன பிளேயரோட பேர்ட் ரைட்ஸ் வேணும்னா அவரு பேர்ல ஒரு தொகை கேப்ல உக்காந்துட்டே இருக்கும், இடம் வேணும்னா ரைட்ஸ விட்டுக்குடுக்கணும். பெரிய கேள்வில எக்ஸப்ஷனுக்கு போறதுக்கு முன்னாடி இத கூட்டிப் பாத்துட்டு எழுதுங்க, டீம் கேப்புக்கு மேலயா கீழயானே பல நேரம் இதுலதான் மாறும்.