சர்டிபிகேட் சுவரில் இருக்கு, ஐஸ் பெட்டிக்குள் என்ன இருக்கு?

மண்டபத்திலிருந்து தொண்டி வரை, இறால், கணவாய் வாங்கிப் பதப்படுத்தும் இடங்களில் "நாங்க ஐஎஸ்ஓ கம்பெனி" என்ற பேச்சு சாதாரணம். ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனம் தன் வேலையைத் தரமாக நடத்தும் முறைக்கான சர்வதேசத் தரம். அது சொல்கிறபடி தினமும் வேலை நடந்தால் அது கம்ப்ளையன்ஸ், அதாவது இணக்கம். அப்படித்தான் நடக்கிறது என்று வெளியாள் ஒருவர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால் அது சர்டிபிகேஷன். இரண்டில் ஒன்று இருந்து இன்னொன்று இல்லாமலும் போகலாம்.

சர்டிபிகேட்டை ஜெனீவாவில் உள்ள ஐஎஸ்ஓ கொடுப்பதில்லை. அது தரத்தை எழுதுவதோடு சரி. ஆடிட் செய்து கொடுப்பவை தனி நிறுவனங்கள். அவற்றுக்கு நம் நாட்டில் அங்கீகாரம் தருவது என்ஏபிசிபி என்ற தேசிய அங்கீகார வாரியம். ஸ்டேஜ் 1-இல் ஆவணங்களும் தயார்நிலையும், ஸ்டேஜ் 2-இல் நேரில் வேலையும் பார்ப்பார்கள். சான்று 3 வருடம் செல்லும், இடையில் வருடம் ஒரு சர்வைலன்ஸ் ஆடிட், அதாவது முறை தொடர்கிறதா என்று பார்க்கும் கண்காணிப்பு ஆடிட். ஆலைக்குள் கால் வைக்காமலே ஒரு வாரத்தில் சான்று தருகிறேன் என்பவரிடம் வாங்குவது வெறும் கலர் பிரிண்ட்.

சான்றில் முதலில் படிக்க வேண்டியது ஸ்கோப் வரியும் (எந்த வேலைக்குச் சான்று என்று சொல்வது) முகவரியும். மண்டபத்து ஆலைக்கு வாங்கிய சான்று, தொண்டியில் இறால் தலை கிள்ளும் வாடிக்குச் செல்லாது. ஆனால் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த வாடியில்தான்: ஐஸ் குறைவு, தண்ணீர் வடியாத பெட்டி, வெயிலில் நிற்கும் வண்டி. வெளியே கொடுத்துச் செய்யும் வேலையும் உங்கள் கட்டுப்பாட்டில்தான் என்கிறது ஐஎஸ்ஓ 9001-இன் 8.4 பிரிவு.

அன்றாட இணக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு வெப்பமானி ஒன்றே போதும். 7.1.5 பிரிவு கேட்பது, அளக்கும் கருவி சரியாக அளக்கிறதா என்பதற்கு ஆதாரம். வருட காலிப்ரேஷன் (கருவியைச் சரியான அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது) ஒருபுறம் இருக்க, வாரம் ஒரு முறை நொறுக்கிய ஐஸை டம்ளரில் நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றி, முனை அடியைத் தொடாமல் நடுவில் வைத்து, எண் அசையாமல் நிற்கும் வரை பொறுக்கணும். 0 டிகிரி காட்ட வேண்டும். தண்ணீர் கூடி ஐஸ் மிதந்தால் அடியில் சூடு தங்கி, 2, 3 என்று பொய் சொல்லும். அதை நம்பி நல்ல கருவியைத் தூக்கிப் போடுவார்கள். எவ்வளவு விலகலாம் என்பதை முன்பே எழுதி வைத்திருக்கணும். தாண்டினால் அந்தக் கருவியால் முன்பு அளந்த லாட்டுகளையும் (சரக்குத் தொகுதிகளையும்) திரும்பப் பார்க்கணும். பலரும் விடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

பதிவேடும் காட்டிக் கொடுக்கும். குளிர் அறைத் தாளில் மாதம் முழுக்க மைனஸ் 18.0, ஒரே பேனா, ஒரே சாய்வு. பக்கத்திலேயே ஜெனரேட்டர் நோட்டில் ஒருநாள் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, டீசலும் இல்லை. நல்ல ஆடிட்டர் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். உண்மையாக மைனஸ் 14 என்று எழுதி, சரக்கை என்ன செய்தோம் என்றும் எழுதியிருந்தால் அது, தவறைக் கண்டு சரிசெய்யச் சொல்லும் 10.2 பிரிவு கேட்கிற வேலை. யாரும் தலையை வாங்க மாட்டார்கள்.

வாங்குபவர் கேட்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, ஹாசப் (உணவில் ஆபத்து எந்தப் படியில் வரும் என்று முன்பே கண்டு தடுக்கும் முறை) சான்றிதழ் எதுவும் தருவதில்லை. திட்டமும் தினசரிப் பதிவும் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி ஆய்வு கவுன்சிலின் ஒப்புதல் எண் வேண்டும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிமம் சட்டக் கட்டாயம். இந்த மூன்றுக்கும் ஐஎஸ்ஓ 9001 ஈடாகாது. அது நிர்வாக முறைக்கான சான்று, இறாலுக்கான சான்று அல்ல; அதனால் பெட்டி மேல் "ஐஎஸ்ஓ தரச் சான்று பெற்ற இறால்" என்று அச்சடிப்பதும் தப்பு.

ஆடிட் தேதியிலும் ஒரு சூட்சுமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடை. அந்த 61 நாளில் ஆடிட்டரைக் கூப்பிட்டால் கழுவித் துடைத்த காலி மேசையைத்தான் பார்ப்பார். முதல் சர்வைலன்ஸ், சான்று முடிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் நடக்கணும். ஆகவே முதல் சான்றையே ஆகஸ்ட், செப்டம்பரில் எடுத்தால், அடுத்த வருட ஆடிட்டும் சரக்கு ஓடும் ஜூலை, ஆகஸ்டில் விழும்.