வறுக்காத முளை, 65 டிகிரி, ஒரு படி உமி: சமையலறையில் அரிசி மால்ட் பாகு

தானியத்திலிருந்தே பியர் காய்ச்சுகிறவர்களுக்குக் கஷ்டமான பாதி வேலை ஈஸ்ட் தூவுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, சக்கையிலிருந்து சாற்றைப் பிரித்தெடுப்பதுதான் அந்தப் பாதி. மீதியை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் அந்த மீதிக்கு வீட்டில் இடமில்லை. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஐந்து லிட்டர்தான், நாமே குடிக்கத்தான் என்றாலும் குற்றம்தான். ஆகவே இந்தப் பதிவு முதல் பாதியோடு நின்றுகொள்கிறது. கிடைக்கும் சாற்றைப் புளிக்க விடாமல் சுண்டக் காய்ச்சினால் தேன் நிறத்தில் மால்ட் பாகு வரும். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த தானியம். கற்றுக்கொள்ளும் நுட்பம் அதேதான்.

காவிரிப் படுகையில் இதற்கு வேண்டிய சாமான்களில் பெரும்பாலானவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. அரிசி ஆலையில் நொய் மலிவு. பெரிய பியர் ஆலைகள் பலவும் பார்லியோடு இந்த உடைந்த அரிசியைச் சேர்க்கின்றன. வெளிநாட்டில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் சாறு வடிகட்டக் காசு கொடுத்துப் பொட்டலமாக வாங்கும் உமி, இங்கே ஆலைக்குப் பின்னால் மலை போல் குவிந்து கிடக்கிறது. கேழ்வரகு மட்டும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வர வேண்டும். அதுவும் எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கிறது.

அரிசி தானாக இனிக்காது. அதன் மாவுச்சத்தை வெட்ட நொதி வேண்டும், அந்த நொதி முளைவிட்ட தானியத்தில் இருக்கிறது. கடையில் "ராகி மால்ட்" என்று விற்கும் மாவு இதற்கு உதவாது. முளைகட்டியதை வாசனை வர வறுத்து அரைத்தது அது. கஞ்சிக்கு அருமையாக இருக்கும், ஆனால் வறுத்த சூட்டில் நொதி செத்துப்போயிருக்கும். பார்லி அரிசியும் அப்படித்தான். தீட்டியதில் முளைக்கரு போய்விடுவதால் எத்தனை நாள் ஊறினாலும் முளைக்காது. உமியோடு கூடிய முழுப் பார்லி கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. கிடைக்காவிட்டால் கேழ்வரகு. மாவுச்சத்தை மால்டோஸாக நறுக்கும் பீட்டா அமிலேஸ் கேழ்வரகு முளையில் மற்றச் சிறுதானியங்களைவிடக் கூடுதல். நெல் முளையில் மாவுச்சத்தை நீளமான துண்டுகளாக வெட்டும் ஆல்ஃபா அமிலேஸ் நன்றாக இருக்கும், பீட்டா குறைவு. நெல்லை மட்டும் நம்பினால் பாகு கெட்டியாக வரும், இனிப்பு ஏறாது. சோளத்தை முளைகட்டுகிறவர்கள் முளையையும் வேரையும் முழுக்கத் தேய்த்து நீக்கிவிட வேண்டும், அவற்றில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. முதல் முறை செய்கிறவர்கள் சோளத்தைத் தொடாமலிருப்பதே நல்லது.

அரைக் கிலோ கேழ்வரகைக் கல் போகக் களைந்து 12 மணி நேரம் ஊற வையுங்கள். இடையில் இரண்டு முறை தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடியில் மூச்சுமுட்டிப் புளித்த வாடை வரும். பிறகு வடித்து, ஈரத் துணியில் தளர்வாகக் கட்டி, நிழலில் 48 மணி நேரம். விதை நெல்லைச் சாக்கில் கட்டி மூட்டம் போடுவது போலத்தான். ஆனால் மூட்டைக்குள் சூடு ஏறும். எட்டு மணிக்கொரு முறை அவிழ்த்து, தண்ணீரில் அலசி, கிளறிவிட்டுக் கட்டுங்கள். வேர் அரை அங்குலம் நீண்டதும் நிறுத்திவிடலாம். இன்னும் வளரட்டும் என்று விட்டால் நமக்கு வேண்டிய மாவுச்சத்தை முளையே தின்றுவிடும். நெல்லும் சேர்த்து முளைகட்ட நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மருந்து கலந்த விதை நெல்லை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். புதிதாக அறுத்த நெல்லுக்கு விதை உறக்கம் உண்டு, ரகத்தைப் பொறுத்துச் சில வாரம் கழித்தால்தான் ஒரே சீராக முளைக்கும்.

காய வைப்பதில்தான் பலருக்கும் தவறுகிறது. ஈரமாக இருக்கும் முளைக்குச் சூடு ஆகாது, காய்ந்த பிறகு ஓரளவு தாங்கும். சித்திரை மாத மொட்டை மாடியில் தரையின் சூடு பொறுக்க முடியாததாக இருக்கும். ஈர முளையை அங்கே பரப்பினால் மாலைக்குள் நொதியில் பெரும்பகுதி போய்விடும். முதல் நாள் மின்விசிறிக் காற்றில், மெல்லிய பரப்பாக. இரண்டாம் நாள் பாயில் போட்டு வெயிலில். கடித்தால் மொறுக்கென்று உடைய வேண்டும். எடை போட்டும் பார்க்கலாம்: 500 கிராமில் தொடங்கினால் வேர் நீக்கிய பிறகு 430 கிராமை ஒட்டி வர வேண்டும். 480 என்று காட்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். பூசண வாடை அடித்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது, பூஞ்சை நஞ்சு கொதிநீரில் அழியாது. காய்ந்ததை உள்ளங்கையில் தேய்த்து, முறத்தில் புடைத்தால் வேர் பறந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் மூன்று மாதம் இருக்கும். வேண்டும்போது மட்டும் மிக்சியில் நிறுத்தி நிறுத்தி அடித்து ரவைப் பதத்துக்கு உடையுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டும்போது அழ வேண்டியிருக்கும்.

இப்போது அரிசி. அளவு: பச்சரிசி நொய் 500 கிராம், கேழ்வரகு முளை ரவை 150 கிராம், தண்ணீர் மூன்றேகால் லிட்டர். அரிசியின் மாவுச்சத்து குழைந்து வீங்கினால்தான் நொதி உள்ளே புகும். படுகையில் விளையும் பல ரகங்களுக்கு அதற்கு 70 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பீட்டா அமிலேஸ் தாங்காது. அதனால்தான் அரிசியைத் தனியாக முதலில் வேகவைக்கிறோம். பார்லி முளைக்கு இந்தச் சிக்கல் இல்லை, வெந்நீரில் நேராகக் கலந்துவிடலாம். நொய்யை இரண்டு லிட்டர் தண்ணீரில் குக்கரில் வைத்து ஆறு விசில் விடுங்கள். பருக்கை தெரியாமல் கூழாக வேண்டும். புழுங்கல் நொய்யும் ஆகும், விசில் கூடுதலாக வேண்டும், சாறு கொஞ்சம் குறையும். பச்சரிசியே என் தேர்வு.

வெந்த கூழைத் திறந்து கிளறி ஆற விடுங்கள். 75 டிகிரிக்கு வந்ததும் முளை ரவையில் ஒரு கைப்பிடி மட்டும் தூவிக் கலக்குங்கள். பத்து நிமிடத்தில் களி போல் நின்றது கஞ்சி போல் இளகும். மாவுச்சத்து வெட்டுப்படுவதைக் கண்ணால் பார்க்கும் இடம் இதுதான், கரண்டியிலேயே வித்தியாசம் தெரியும். இளகவில்லை என்றால் முளையில் உயிரில்லை. மேலே தொடராமல், அன்றைக்குக் கஞ்சியாகக் குடித்துவிட்டு முளையை மறுபடி கட்டுங்கள்.

இளகியது 70 டிகிரிக்கு இறங்கியதும், மீதி ரவையை 400 மில்லி சாதாரணத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கலவை 64-ஐ ஒட்டி நிற்கும். அங்கேயே ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். 62-லிருந்து 65 வரை பீட்டா அமிலேஸின் எல்லை, மால்டோஸ் மிகுந்து இனிப்பு கூடும். 70-ஐ ஒட்டி ஆல்ஃபா மட்டும் வேலை செய்யும். நீளமான துண்டுகள் மிஞ்சும், பாகு வழவழப்பாக இருக்கும், இனிப்பு குறையும். பியர் வாயில் கனமாக இருக்க வேண்டுமா, இனிப்பு மிஞ்சாமல் வறண்டிருக்க வேண்டுமா என்று முடிவு செய்வதும் இந்த ஐந்தாறு டிகிரிதான். 50-க்குக் கீழே நழுவவிட்டு மறந்தால் நிலைமை வேறு. அது பழைய சோற்றுப் பானையின் நுண்ணுயிர்களுக்குப் பிடித்த சூடு, சாறு புளித்துவிடும்.

சூட்டை நிறுத்திவைக்கப் பெரிய கருவி வேண்டாம். மூன்று லிட்டர் ஹாட்பாக்கில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் சூடேற்றி, கொட்டிவிட்டுக் கலவையை ஊற்றி மூடுங்கள். ஹாட்பாக் இல்லாவிட்டால் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, வைக்கோல் அடைத்த கூடைக்குள் இறக்கலாம். தெர்மாமீட்டர் மட்டும் கட்டாயம், விரல் வைத்துப் பார்க்கும் வேலை இல்லை இது. அதைச் சரிபார்க்க நம் ஊரில் எளிய வழி இருக்கிறது. படுகை கடல்மட்டத்தை ஒட்டியது, தண்ணீர் 100-ல் கொதிக்கும். குழாய்த் தண்ணீர் 30 டிகிரி வாக்கில் இருக்கும். இரண்டையும் சம அளவு கலந்தால் 65, பாத்திரம் குடிப்பதைக் கழித்தால் 63, 64. உங்கள் தெர்மாமீட்டர் 58 என்றோ 70 என்றோ காட்டினால் அதை மாற்றுங்கள்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம். ஆழ்குழாய்த் தண்ணீரில் காரத்தன்மை மிகுந்தால் நொதி மந்தமாகும். புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பிஎச் காகிதத்தில் கூழ் 5.2 முதல் 5.6 வரை காட்டுவது நல்லது. கூழில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொன்று. வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் உவர்நீரைத் தவிர்த்து, குடிநீராக வரும் கொள்ளிடத் தண்ணீரைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு மணி நேரம் கழித்து அயோடின் சோதனை. மருந்துக் கடையில் வாங்கும் பொவிடோன் அயோடினைத் தண்ணீர் விட்டு வெளிர்ந்த டீ நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். தெளிந்த சாற்றில் ஒரு சொட்டு வெள்ளைத் தட்டில் விட்டு, ஆறியதும் அயோடின் ஒரு சொட்டு. சூடாக இருந்தால் நிறம் சரியாகக் காட்டாது. கருநீலம் என்றால் மாவுச்சத்து மிச்சம். ஊதா, சிவப்பு என்றால் பாதி வழி. அயோடினின் நிறமே மாறாமல் நின்றால் முடிந்தது. சக்கைத் துணுக்கு விழுந்தால் அது எப்போதும் நீலம்தான் காட்டும், ஏமாறாதீர்கள். சோதித்த சொட்டைக் கழுவி ஊற்றிவிடுங்கள். முடியாவிட்டால் இன்னும் அரை மணி. பிறகு அடுப்பில் கிளறிக்கொண்டே 72-க்கு ஏற்றி இருபது நிமிடம், கடைசியாக 76. சூடான சாறு இளக்கமாக ஓடும்.

கேழ்வரகிலும் அரிசியிலும் உமி இல்லை. துணியில் ஊற்றினால் ஐந்தே நிமிடத்தில் கண்கள் அடைபட்டுப் பசை போல் நிற்கும். அதற்குத்தான் உமி. ரப்பர் உருளை ஆலையின் உமியை வாங்குங்கள், ஹல்லர் ஆலை உமியில் தவிடு கலந்திருக்கும், அதுவே அடைத்துக்கொள்ளும். 100 கிராம் உமியை மண் போகக் களைந்து, கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு வடித்தால் வைக்கோல் வாடை போகும். அதைக் கலவையில் கலந்து, மெல்லிய வேட்டித் துணி விரித்த வடிதட்டில் ஊற்றுங்கள். முதலில் வரும் கலங்கலான சாற்றை எடுத்து மேலேயே மெதுவாக ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று முறையில் உமிப் படுகை அமர்ந்து சாறு தெளியும். வடிந்து அடங்கியதும் 75 டிகிரி வெந்நீர் 800 மில்லியை மூன்று தவணையாக மேலே தெளியுங்கள். கொதிநீர் வேண்டாம், கேழ்வரகுத் தோலின் துவர்ப்பு இறங்கிவிடும். நடுவில் ஓட்டம் நின்றால் பிழியாமல் கரண்டியால் படுகையைக் கீறிவிட்டு, கொஞ்சம் வெந்நீரும் ஒரு பிடி உமியும் சேர்த்து மறுபடி கலங்கலிலிருந்து தொடங்குங்கள்.

கையில் இரண்டரை லிட்டருக்கு மேல் இனிப்புச் சாறு இருக்கும். சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரையை அளக்கும் பிரிக்ஸ் மானி இருந்தால் 12-ஐ ஒட்டிக் காட்டும், சாதாரண லாகர் பியர் தொடங்கும் சாறும் ஏறக்குறைய இதே அடர்த்தி. 8, 9 என்று வந்தால் முளை சோடையாக இருக்கலாம், அரிசி வேகாதிருக்கலாம், அல்லது வெந்நீர் அதிகம் ஊற்றியிருக்கலாம். அயோடின் தெளிந்து பிரிக்ஸ் மட்டும் குறைந்தால் காரணம் பெரும்பாலும் முளையல்ல, மற்ற இரண்டில் ஒன்றாக இருக்கும். இந்தச் சாற்றைச் சுக்கு, ஏலக்காய் தட்டிப்போட்டு 15 நிமிடம் கொதிக்கவிட்டு, குளிர வைத்து அன்றே குடிக்கலாம். மறுநாள் வரை வெளியே வைத்தால் காற்றிலுள்ள ஈஸ்டே வேலையைத் தொடங்கிவிடும். நுரைத்துக் குமிழி விட்டால் கொட்டிவிடுங்கள்.

பாகுக்கு அகலமான உருளி. முதல் கொதியில் பால் போல் பொங்கும், பாதிப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். அழுக்கு நுரையை எடுத்துவிட்டுப் பெரிய தீயில் சுண்டவிடலாம். அரை லிட்டராகும்போது தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். வெல்லப் பாகின் கம்பிப் பதத்தை இதில் தேட வேண்டாம், மால்டோஸ் அப்படி நூல் விடாது. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தால் தேன் போல் மெல்ல நகர வேண்டும். எடை இன்னும் நம்பகமானது: வெறும் உருளியை முதலிலேயே நிறுத்துவைத்துக்கொண்டால், பாகு 400 கிராமை ஒட்டி நிற்கும்போது இறக்கலாம். ஆறினால் இன்னும் இறுகும்.

வெல்லத்தைவிட இனிப்பு குறைவு, லேசான வறுத்த வாசம். கடலை உருண்டைப் பாகில் ஐந்தில் ஒரு பங்கு இதைச் சேர்த்தால் பாகு பூத்துப்போகாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஏற்றது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், மால்டோஸ் உடைந்தால் முழுக்கக் குளுக்கோஸ்தான். கொதிநீரில் கழுவிக் காய்ந்த பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், ஈரக் கரண்டி படக்கூடாது. உமி கலந்த சக்கை எருக்குழிக்கு. மாட்டுக்குப் போட விரும்புகிறவர்கள் உமியைத் துணிக்கு அடியில் தனிப் படுகையாகப் பரப்பி, மேலே இருக்கும் சக்கையை மட்டும் வழித்து அன்று மாலைக்குள் வைத்துவிட வேண்டும்.