மேய்ச்சல் உரிமை மனுவில் ஏக்கரைவிட மாதம் முக்கியம்

மேய்ச்சல் நிலம் என்ற ஒரே பேரில் இரண்டு விதமான நிலங்கள் இருக்கின்றன. ஊரையொட்டிய மேய்க்கால் புறம்போக்கு வருவாய்த்துறை நிலம். அதில் ஆக்கிரமிப்பு என்றால் வட்டாட்சியரிடம்தான் போக வேண்டும், வன உரிமைச் சட்டம் அங்கே செல்லாது. காப்புக்காடு, சரணாலயம், வகைப்படுத்தப்படாத காடு போன்றவை வன நிலம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இவற்றுக்குத்தான். மனு எழுதுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் சர்வே எண்ணைப் பார்த்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டு, தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அலைபவர்கள் உண்டு.

சட்டத்தின் 3(1)(டி) பிரிவில், ஓரிடத்தில் தங்கி மேய்ப்பது, இடம்பெயர்ந்து மேய்ப்பது இரண்டுமே உரிமையாகச் சொல்லப்பட்டுள்ளன. நாடோடி, மேய்ச்சல் சமூகங்கள் பருவத்துக்கு ஏற்பக் காட்டைப் பயன்படுத்துவதும் அதிலேயே வருகிறது. 'சமூக வன வளம்' என்பதற்கான வரையறை இன்னும் ஒரு படி மேலே போய், மேய்ச்சல் சமூகங்களுக்கு ஊர் எல்லையோடு நிற்காமல் பருவகாலத்தில் பயன்படுத்தும் நிலப்பரப்பையும் சேர்த்துக்கொள்கிறது. தேனியின் மலைமாட்டுத் தொழுக்களுக்கும் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைப் பட்டிகளுக்கும் இந்த ஒரு சொற்றொடர்தான் பிடிமானம்.

மனுவுக்கான மூன்று படிவங்களில் 'ஏ' தனிநபருக்கு. மாட்டுக்காரர் அதை நிரப்பினால் மேய்ச்சல் உரிமை கிடைக்காது. 'பி' சமூக உரிமைக்கு. மேய்ச்சல், தண்ணீர், பருவகாலப் பயன்பாடு எல்லாம் இதில்தான். 'சி' சமூக வன வளத்துக்கு, அதாவது மேய்க்கும் காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமைக்கு. பலர் 'பி'யோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே நல்லது. 'பி' மட்டும் கையில் இருந்தால் மேய்க்கலாம், ஆனால் மேய்ச்சல் இடத்தில் உண்ணிச்செடி மண்டுவதை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தில் உங்களுக்கு நாற்காலி இருக்காது.

'மேய்ச்சல்' என்று ஒற்றைச் சொல்லை எழுதி, பக்கத்தில் ஏக்கர் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மந்தை ஏக்கரில் மேய்வதில்லை. எந்த மாதம், எந்த வழி, எந்தத் தண்ணீர், எங்கே அடைப்பு என்று எழுத வேண்டும். மாதிரிக்கு:

"புரட்டாசி முதல் தை வரை, அடிவாரத்தில் வெள்ளாமை நிற்கும் காலம். கிழக்கு ஓடைப் பாதையில் மேலேறி, இரட்டைச் சுனையில் தண்ணீர் காட்டி, மொட்டைப்பாறை அடியில் தொழு. மாசியில் அறுப்பு முடிந்ததும் அதே பாதையில் இறக்கம், வயல்களில் கிடை. மழை பொய்த்த ஆண்டில் மட்டும் மேற்குச் சரிவு."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வறட்சிக்கு ஒதுங்கும் இடம் பத்தாண்டில் ஓரிரு முறைதான் தேவைப்படும், ஆனால் மந்தை பிழைப்பது அதனால்தான். ஆய்வுக்கு வருபவர் கண்ணில் அது யாரும் பயன்படுத்தாத காடாகத்தான் தெரியும். வரைபடத்தில் ஓடை, பாறை, சுனை, கோயில் மரம் எல்லாவற்றையும் ஊரார் சொல்லும் பேரிலேயே குறித்து, தெரிந்தால் வனத்துறையின் பகுதி எண்ணையும் சேருங்கள். ஜி.பி.எஸ். புள்ளிகள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மனு நிற்கும். செயற்கைக்கோள் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையே தவிர மாற்று அல்ல என்று இந்தச் சட்டத்தின் கீழுள்ள விதியே சொல்கிறது.

அடுத்த சிக்கல் பங்காளி ஊர்கள். ஒரே மேய்ச்சலுக்கு மூன்று ஊர் மாடு வரும். தனித்தனியாக மனுப் போட்டால் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும், அதையே காரணம் காட்டிக் கோப்பைக் கிடப்பில் போடுவார்கள். இதற்கு விதி 12-இல் வழி இருக்கிறது. சம்பந்தப்பட்ட ஊர்களில் கிராம சபை தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழுக்கள் சேர்ந்து உட்கார்ந்து, யார் எப்படி அனுபவிக்கிறார்கள் என்று எழுதி அவரவர் கிராம சபைக்குத் தர வேண்டும். ஒத்துவராவிட்டால் மட்டுமே கிராம சபைக்கு மேலே இருக்கும் உட்கோட்டக் குழு. படிவம் 'சி'யில் எல்லை ஊர்களைக் குறிக்கும் இடத்தில், வளத்தையும் பொறுப்பையும் அவர்களோடு எப்படிப் பகிர்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதலாம். வெளியிலிருந்து பருவத்துக்கு வந்துபோகும் கீதாரிகள் என்னும் ஆட்டு மேய்ப்பர்களின் பெயரும் அங்கே வந்துவிட வேண்டும். மேய்ச்சல்காரர்களின் கோரிக்கையை அவர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ இருக்கும் காலத்தில்தான் சரிபார்க்க வேண்டும் என்பதும் அதே விதி. மந்தை கீழே இறங்கிய பிறகு மலையில் ஆய்வு வைத்தால், எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

சான்று விஷயத்தில் அதிகம் அடிபடுவது 75 ஆண்டுக் கணக்கு. பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்து காட்டைச் சார்ந்திருந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930. கோரும் நிலத்தையே 75 ஆண்டு கையில் வைத்திருக்க வேண்டும் என்று இதைத் திரித்துச் சொல்லி மனுவைத் தள்ளுவது உண்டு. சட்டத்தில் அப்படி இல்லை. 1882-ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டப்படி காப்புக்காடு அறிவித்தபோது யாருக்கு என்ன உரிமை என்று எழுதிய நிர்ணய ஆவணங்கள், பழைய மேய்ச்சல் பர்மிட், கட்டண ரசீது, மாவட்ட கெசட்டியர், வனத்துறைச் செயல் திட்டம் எல்லாம் சான்றுதான். பழைய தொழுவின் கல்கட்டு, மாட்டுச் சாமி கோயில், சுனை போன்றவையும் சேரும். ரசீதைத் தொலைத்தவர்கள் கவலைப்பட வேண்டாம், பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. ஆனால் மனுதாரர் அல்லாத பெரியவராக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும் என்பதால் ஒரு காகிதம், ஒரு களச் சான்று, ஒரு வாக்குமூலம் என்று கலந்து வைப்பது பாதுகாப்பு.

வன உரிமைக் குழுவுக்கு 10 முதல் 15 பேர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பழங்குடிகள் இருக்கும் ஊரென்றால் மூன்றில் இரண்டு பங்கு அவர்கள். கிராம சபையில் பாதிப் பேர் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கோரிக்கை மீது தீர்மானம் போடும் நாளில் மனுதாரர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். கையெழுத்து குறைந்தால் மேலே எளிதாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் ஆண்கள் மலையில் இருக்கும் மாதத்தில் சபை வைக்காதீர்கள்.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, ஒப்புதல் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வராமல் இருந்துவிட்டுப் பின்னால் 'நாங்கள் இல்லை' என்று ஆட்சேபித்தால், கோரிக்கை மறு ஆய்வுக்குக் கிராம சபைக்கே திரும்பும். அதற்கும் வராவிட்டால் கள ஆய்வைப் பொறுத்தவரை சபையின் முடிவே இறுதி. அந்த நகல் இல்லையென்றால் இந்த விதியால் பயனில்லை.

கிராம சபை முடிவின் மீது உட்கோட்டக் குழுவுக்கும், அதன் முடிவின் மீது ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் முறையே 60 நாளுக்குள் போகலாம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் அனைத்திலும் மாடு மேய்க்கத் தடை விதித்து, அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. ஆக, இவற்றுக்கு வெளியே இருக்கும் காட்டில் அந்தத் தடையைக் காட்டி மந்தையைத் திருப்ப முடியாது. உள்ளே இருப்பவர்களும் மனுவைக் கைவிட வேண்டியதில்லை. சமூக வன வளத்தின் வரையறையிலேயே சரணாலயமும் தேசியப் பூங்காவும் பேர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

உரிமைப் பத்திரம் கைக்கு வரும் நாளில் படிவம் 'பி'க்கான பத்திரத்தில் 'நிபந்தனைகள்' என்ற பத்தியை முதலில் படியுங்கள். அங்கே கால வரம்போ மாட்டு எண்ணிக்கையோ புதிதாக நுழைந்திருந்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் வராதீர்கள். சமூக வன வளத்தைப் பயன்படுத்த, மரபாக இருக்கும் கட்டுப்பாட்டைத் தாண்டி வேறு தடை போடுவது சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது என்று பழங்குடியினர் நல அமைச்சகத்தின் 2012 ஜூலை வழிகாட்டுதலில் இருக்கிறது. அதன் நகலை இணைத்து மாவட்டக் குழுவிடம் திருத்தம் கேளுங்கள்.