ஸ்டேக் தேர்ந்தெடுத்த மூன்று மாதம்

மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்காகக் கோவையில் நாங்கள் ஆறு பேர் ஒரு மென்பொருளைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அதற்கான மொழி, டேட்டாபேஸ், மற்ற கருவிகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பைத்தான் ஸ்டேக் என்கிறோம். சரக்கு இருப்பு, பில்லிங், வசூல் எல்லாம் அதில்தான் நடக்கும். பழைய மென்பொருள், வலைத் திரைகளை உருவாக்க உதவும் ஆங்குலர்ஜேஎஸ்ஸில் எழுதியது. அதற்கான ஆதரவு 2021 டிசம்பரோடு நின்றுபோனது. சர்வரில் ஓடிய சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவுக்கு 2024 ஜூன் 30 கடைசி நாள். 2024 ஜனவரியில் உட்கார்ந்தோம். இப்போது 40 கிளை, இன்னும் சில வருடத்தில் 200 ஆகும் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

மொழியைப் பற்றிப் பெரிய விவாதம் இல்லை. நான்கு பேருக்கு ஜாவா கைப்பழக்கம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கோரிக்கைகளைக் கையாள உதவும் ஜாவா 21-இன் விர்ச்சுவல் த்ரெட்டை, ஜாவாவில் சர்வர் மென்பொருள் எழுத உதவும் ஸ்பிரிங் பூட் 3.2 ஏற்றுக்கொண்டிருந்தது. திரைக்கு ரியாக்ட். டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ் 16. பில்லை பிடிஎஃப் ஆக்குவது, எஸ்எம்எஸ் அனுப்புவது போன்ற பின்னணி வேலைகளின் வரிசைக்கு, தரவை நினைவகத்திலேயே வைத்து வேகமாகத் தரும் ரெடிஸ் என்று எழுதி வைத்திருந்தோம்.

மார்ச் 20 அன்று, ரெடிஸின் அடுத்த வெளியீடுகள் கட்டுப்பாடு குறைவான பிஎஸ்டி என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் வராது என்று அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பின்படி, கட்டுப்பாடு கூடிய ஆர்எஸ்ஏஎல் அல்லது எஸ்எஸ்பிஎல் லைசென்ஸில்தான் அவை வரும். முழுதாகப் படித்துப் பார்த்தோம். ரெடிஸையே சேவையாக விற்பவர்களுக்குத்தான் சிக்கல், எங்களுக்குத் தடை இல்லை. ஆனால் எது ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் என்று அங்கீகரிக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு ஏற்ற லைசென்ஸ் மட்டுமே வேண்டும் என்று வாடிக்கையாளரின் சட்டப் பிரிவு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. எஸ்எஸ்பிஎல் அந்தப் பட்டியலில் கிடையாது. 2018-இல் மாங்கோடிபி என்ற டேட்டாபேஸும், 2021-இல் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளும் இதே போல லைசென்ஸை மாற்றியதை நாங்கள் அறிவோம். அறிந்தும், ரெடிஸுக்கும் இப்படி ஆகுமா என்று கேட்காமல் விட்டோம்.

அன்று மாலையே எங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: இந்த மென்பொருளின் மூல நிரல் யார் கையில் இருக்கிறது? வேகத்தைவிட இதுதான் முக்கியம் என்று இன்றும் நம்புகிறேன். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு எந்த ஒரு கம்பெனியும் சொந்தக்காரர் இல்லை. ரெடிஸிலிருந்து பிரிந்த வால்கீ, எட்டே நாளில் லாப நோக்கமற்ற லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு வெளியீடுகூட வராத நிலையில் அதன் மேல் வேலையைக் கட்ட மனம் வரவில்லை.

அதனால் வரிசையையும் போஸ்ட்கிரெஸ்ஸுக்குள்ளேயே வைத்துப் பார்த்தோம். ‘ஸ்கிப் லாக்ட்’ என்ற வசதி 2016-இல் வந்த 9.5-இலிருந்தே இருக்கிறது. பின்னணி வேலைகளைச் செய்யும் புரோகிராம்களில் (வொர்க்கர்) ஒன்று எடுத்துப் பூட்டிய டேட்டாபேஸ் வரியை அடுத்த வொர்க்கர் காத்திருக்காமல் தாண்டிப் போகும். மாதக் கடைசி பில்லிங் அளவுக்குச் சுமை கொடுத்துப் பார்த்தோம், தாங்கியது. ராத்திரி அலாரத்துக்கு எழுந்திருக்க வேண்டியவருக்குப் பார்த்துக்கொள்ள ஒரு சர்வர் குறைந்தது. பல சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் வேண்டாம் என்று முடிவு செய்ததும் அதே காரணத்தால்தான். ஒரு வருடத்துக்குச் சற்று மேலேதான் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு. விடாமல் அப்கிரேடு செய்துகொண்டிருக்க எங்களிடம் ஆள் இல்லை.

அடுத்த அடி விர்ச்சுவல் த்ரெட்டில் விழுந்தது. கோரிக்கைகள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தன, டேட்டாபேஸ் வாசலில் எல்லாம் நெரிந்து நின்றன. போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி பிராசஸ், இயல்பான உச்ச வரம்பு 100. எங்கள் அப்ளிகேஷனின் நான்கு பிரதிகளும் ஆளுக்கு 50 இணைப்பு கேட்டன. நடுவில், சில இணைப்புகளையே எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை டிரான்ஸாக்‌ஷன் முறையில் வைத்தோம். அந்த முறையில் அடுத்தடுத்த வேலைகள் வெவ்வேறு இணைப்புக்குப் போகலாம். உடனே, முன்கூட்டியே தயாரித்து வைத்த டேட்டாபேஸ் கட்டளையை (ஸ்டேட்மென்ட்) காணோம் என்று அங்கங்கே பிழை. இரண்டு நாள் தேடினோம். 1.21 பதிப்பில் அதற்கு வழி இருந்தது, ஆனால் எத்தனை ஸ்டேட்மென்ட்டை நினைவில் வைப்பது என்ற அமைப்பு இயல்பாகவே பூஜ்ஜியத்தில் இருந்தது. 200 ஆக்கியதும் சரியானது.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் நெருக்கமானது. வேகத்துக்காக டேட்டாபேஸ் முழுவதும் ‘சி’ என்ற கொலேஷன், அதாவது எழுத்துகளை அடுக்கும் விதி, வைத்திருந்தோம். அது ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோடு எண்படி அடுக்கும். யூனிகோடில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ என்பது ‘ர’வுக்கு அடுத்தும் இருக்கின்றன. அதனால் அன்பழகன், அமுதாவுக்கு முன்னால் வந்தார். அறிவழகன், அலமேலுவுக்கு முன்னால் வந்தார். வாடிக்கையாளர் பெயர்களை அகர வரிசையில் நோட்டில் எழுதிப் பழகிய பொள்ளாச்சிக் கிளைக் கணக்காளருக்குப் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயர் உள்ள நெடுவரிசைக்கு மட்டும், அந்தந்த மொழியின் முறைப்படி அடுக்கத் தெரிந்த ஐசியு என்ற மென்பொருள் நூலகத்தின் தமிழ்க் கொலேஷனைக் கொடுத்தோம், போஸ்ட்கிரெஸ் 10-இலிருந்து அது உண்டு. மறுநாள் நோட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுச் சரிபார்த்தார்.

“இப்ப அமுதாவுக்குப் பின்னாடிதானுங்க அன்பழகன் வர்றாரு” என்றார்.