கவுன்ட் ஏறினால் பயப்பட வேண்டுமா?

அப்பா இப்ரூட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கழுத்து நெறிக்கட்டிகள் கரைந்துவிட்டன. ஆனால் ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களின் கவுன்ட் முன்பைவிட ஏறியிருந்தது. அம்மா அழுதேவிட்டார். டாக்டரோ, "எதிர்பார்த்ததுதான், மருந்து வேலை செய்கிறது" என்றார். எப்படி என்று தேடிப் படித்தேன்.

அப்பாவுக்கு வந்திருப்பது சிஎல்எல்; அந்த லிம்போசைட்டுகளில் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய். உடலுக்குள் அவ்வளவு பிடிவாதமாக இருக்கும் அந்தச் செல்களை வெளியே எடுத்து ஆய்வகத் தட்டில் தனியாக விட்டால், சில நாளில் தாமாகவே செத்துப்போகின்றன. 2000-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் யான் பர்கர், தாமஸ் கிப்ஸ் குழுவினர் நோயாளிகளின் ரத்த அணுக்களைத் தட்டில் வளர்த்தபோது, அவற்றில் சில பெரிதாகி அடியில் ஒட்டிக்கொண்டன. புற்றுநோய் செல்கள் அவற்றோடு சேர்ந்து இருந்தவரை சாகவில்லை. 'நர்ஸ் போன்ற செல்கள்' என்று பெயர் வைத்தார்கள். அவை மோனோசைட் என்ற சாதாரண வெள்ளை அணுக்களிலிருந்து உருவாகின்றன.

இவை சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம் புற்றுநோய் செல்லைப் பக்கத்தில் இழுத்து வைக்கிறது, சாகாமலும் காக்கிறது. எலும்பு மஜ்ஜையின் ஸ்ட்ரோமல் செல்களும் அப்படித்தான். நல்ல ரத்த அணுக்களை வளர்க்க வேண்டிய செல்கள் அவை. வந்தவர் யாரென்று கேட்காமல் சோறு போடும் வீடு மாதிரி, நோய்க்கும் ஊட்டம் கொடுத்துவிடுகின்றன. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

சிஎல்எல்லுக்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்ரூட்டினிப், பிடிகே என்ற நொதியைத் தடுக்கிறது. அப்புறம் புற்றுநோய் செல்களால் நெறிக்கட்டிக்குள் ஒட்டிக்கொண்டு இருக்க முடிவதில்லை. ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. கட்டி கரைவதும் கவுன்ட் ஏறுவதும் இதனால்தான். அங்கே பழைய ஆதரவு இல்லாமல் மெல்ல மெல்லச் சாகின்றன. சிலருக்கு இந்த ஏற்றம் ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். இந்த வகை மருந்து எடுப்பவருக்குக் கவுன்ட் மட்டும் ஏறினால் அதை நோய் முற்றியதாகக் கொள்ளக்கூடாது என்று 2012-லேயே நிபுணர்கள் தெளிவுபடுத்திவிட்டார்கள்.

மாத்திரை கொடுக்கும் அன்றே இதை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆதங்கம். ரிப்போர்ட்டைப் பார்த்து மிரண்டு யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆவது?

நாங்கள் இப்போது ஹீமோகுளோபினையும் பிளேட்லெட்டையும்தான் முதலில் பார்க்கிறோம். புற்றுநோய் செல்கள் மஜ்ஜையை விட்டுக் கிளம்பக் கிளம்ப, அவை இரண்டும் தேறி வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.