ஷெஃபீல்டில் ஒரு வீடு, மாடியில் ஒரு அறை

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் எங்கே பிறந்தது என்று கேட்டால் எல்லோரும் ஃபிலடெல்ஃபியா என்றுதான் சொல்வார்கள். 1787 கோடையில் 55 பேர் கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து விவாதித்த ஊர் அது. போன செப்டம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோது, நானும் ரயிலேறி அங்கே ஒரு நடை போய்விட்டு வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன். தங்கை தடுத்துவிட்டாள். "அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே இந்த மாநிலத்துல ஒண்ணு எழுதி ஊர் ஊரா ஓட்டுக்கு விட்டாங்க அக்கா. முதல்ல அதைப் பாரு" என்றாள். அப்படித்தான் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போகாமலே என் பயணம் முடிந்தது. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

முதல் நாள் ரெட் லைன் ரயிலில் ஜேஎஃப்கே நிலையத்தில் இறங்கி காமன்வெல்த் மியூசியத்துக்குப் போனோம். மாநில ஆவணக் காப்பகம் இருக்கும் அதே கட்டடம். அனுமதி இலவசம், கூட்டமும் இல்லை. மங்கலான வெளிச்சத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் 1629-ஆம் ஆண்டுச் சாசனம் இருக்கிறது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், மாசசூசெட்ஸ் பே கம்பெனி என்ற வணிக நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஒரு கவர்னர், ஒரு துணைக் கவர்னர், 18 உதவியாளர்கள், பங்குதாரர்கள் கூடும் 'ஜெனரல் கோர்ட்' என்ற கூட்டம். சுருக்கமாகச் சொன்னால் ஒரு கம்பெனியின் நிர்வாக விதிகள்தான் அவை.

ஆனால் அந்தக் கூட்டம் லண்டனில்தான் நடக்க வேண்டும் என்று சாசனத்தில் எங்கும் எழுதவில்லை. கம்பெனியின் கவர்னராகத் தேர்வான ஜான் வின்த்ரோப்பும் கூட்டாளிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1630-இல் புறப்பட்டபோது சாசனத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து வந்துவிட்டார்கள். கம்பெனி வந்த இடமே அரசாங்கம் ஆனது. பங்குதாரர் கூட்டம் சட்டமன்றம் ஆனது. இன்றும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் பெயர் ஜெனரல் கோர்ட்தான்.

அந்தப் பெட்டியின் முன்னால் நின்றபோது எனக்குச் சென்னை ஞாபகம் வந்தது. இந்தச் சாசனத்துக்குப் பத்தே ஆண்டு கழித்து, 1639-இல், இன்னொரு சாசனக் கம்பெனி நம் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் வாங்கியது. அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள் லண்டனிலேயே இருந்துகொண்டு ஆண்டார்கள். இங்கே பங்குதாரர்களே குடியேறி, தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டார்கள். ஒரே மாதிரிக் காகிதம், இரண்டு கரைகளில் இரண்டு விதி. வீடு திரும்பும் வரை இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

தங்களை ஆண்டுகொண்டார்கள் என்று சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1641-இல் இவர்கள் 'உரிமைகளின் தொகுப்பு' ஒன்றை இயற்றினார்கள். வெளிப்படையான சட்டம் இல்லாமல் யாருடைய உயிரையும் பொருளையும் நற்பெயரையும் தொடக் கூடாது என்று அது தொடங்குகிறது. படிக்க நிறைவாக இருக்கிறது. அதே தொகுப்பின் 91-ஆவது விதி, அடிமைமுறை இங்கே இருக்கவே கூடாது என்று ஆரம்பித்து, போரில் பிடிபட்டவர்களையும் விற்கப்பட்டு வரும் அந்நியர்களையும் தவிர என்று முடிகிறது. அந்தத் 'தவிர' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பேரை அடைத்துவிட்டார்கள்! அதைத் திறக்க 140 ஆண்டுகள் ஆயின. திறந்தவர் வாழ்ந்த வீட்டைப் பிறகு பார்த்தோம்.

பாஸ்டன் நகருக்குள் ஓல்ட் ஸ்டேட் ஹவுஸைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1713-இல் கட்டிய செங்கல் கட்டடம். அதன் அடியிலேயே சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. முகப்பில் இங்கிலாந்து முடியாட்சியின் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் நிற்கின்றன. பழைய சிலைகளை 1776-இல் பிடுங்கி எரித்துவிட்டார்கள், இப்போது இருப்பவை பின்னால் வைத்தவை. மாடியில் ஆலோசனைச் சபை அறையை மட்டும் தவறவிடாதீர்கள். 1761-இல் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓட்டிஸ், சுங்க அதிகாரிகள் எந்த வீட்டிலும் புகுந்து சோதனை போட வழிவிடும் உத்தரவுகளை எதிர்த்து வாதாடியது அங்கேதான். அரசியலமைப்புக்கு முரணான சட்டம் செல்லாது என்றார். அவர் அரசியலமைப்பு என்று சொன்னபோது அப்படி ஒரு ஏடு எங்குமே இல்லை. மரபாகவும் வழக்கமாகவும் மட்டுமே அது இருந்தது. அந்த வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்த இளம் வழக்கறிஞர்களில் ஒருவர் ஜான் ஆடம்ஸ். வயது 25.

அடுத்த நாள் அவருடைய ஊருக்கு, குவின்சிக்கு, அதே ரெட் லைனில் போனோம். ஆடம்ஸ் பிறந்த வீடும், திருமணத்துக்குப் பிறகு அவர் வாழ்ந்த வீடும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. பின்பக்கம் கூரை தாழ இறங்கும் மர வீடுகள். இரண்டாவது வீட்டின் முன் அறைதான் அவருடைய வக்கீல் அலுவலகம். கட்சிக்காரர்கள் வீட்டுக்குள் வராமல் நேரே அறைக்குள் வருவதற்குத் தனிக் கதவு உண்டு. அறை அவ்வளவு சின்னது. 1779 இலையுதிர் காலத்தில் இங்கே உட்கார்ந்துதான் மாசசூசெட்ஸ் அரசியலமைப்பின் வரைவை எழுதினார். உலகில் இன்றும் நடைமுறையில் இருக்கும் எழுதப்பட்ட அரசியலமைப்புகளில் அதுதான் மிகப் பழையது.

ஆனால் அவர் எழுதியதைவிட அது எழுதப்பட்ட முறைதான் என்னைக் கட்டிப்போட்டது.

1774-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம், மாசசூசெட்ஸில் அப்போது நடப்பில் இருந்த 1691-ஆம் ஆண்டுச் சாசனத்தை உடைத்தது. ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒரு தடவைதான், அதற்கு மேல் கூட்ட கவர்னரின் அனுமதி வேண்டும் என்றது. வரியைவிட இது ஆழமாகத் தைத்தது. ரோடு போடுவதிலிருந்து பள்ளி ஆசிரியர் சம்பளம் வரை ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்த்துப் பழகிய மக்கள் அவர்கள். மேற்கு மலைப்பகுதியான பெர்க்‌ஷயரில், கிரேட் பாரிங்டன் என்ற ஊரில், அந்த ஆகஸ்டிலேயே சுமார் 1,500 பேர் திரண்டு நீதிமன்றத்தை நடத்தவிடாமல் தடுத்தார்கள். போர் தொடங்கிய பிறகும் அந்த வட்டாரத்தார் விடவில்லை. மன்னரின் அதிகாரம் போய்விட்டது, சரி, இனி யார் கொடுத்த அதிகாரத்தில் நீதிபதி உட்காருகிறார்? மக்கள் ஒப்புக்கொண்ட அரசியலமைப்பு வரும்வரை நீதிமன்றம் வேண்டாம் என்றார்கள். பல ஆண்டுகள் அங்கே நீதிமன்றங்கள் பெரும்பாலும் மூடியே கிடந்தன.

1778-இல் சட்டமன்றமே ஒரு அரசியலமைப்பை எழுதி ஊர்களுக்கு அனுப்பியது. ஊர்கள் பெரும் வித்தியாசத்தில் நிராகரித்தன. உரிமைப் பட்டியல் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை கான்கார்டு ஊர்க்கூட்டம் 1776-லேயே எழுதி வைத்திருந்தது. சட்டமன்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய சட்டத்தைச் சட்டமன்றமே எழுதினால், நாளைக்கு அதுவே மாற்றிக்கொள்ளும். அதனால் அதற்கென்றே தனி அவை வேண்டும். விவசாயிகளும் கைவினைஞர்களும் கூடிய ஒரு ஊர்க்கூட்டம் சொன்னது இது! நம்முடைய அரசியல் நிர்ணய சபைக்கும் தூரத்து மூதாதை இந்த யோசனைதான்.

அப்புறம் 1779 செப்டம்பரில் கேம்பிரிட்ஜில் தனி அவை கூடியது. எழுதும் வேலை முப்பது பேர் குழுவிடம் போய், மூன்று பேர் துணைக்குழுவிடம் போய், கடைசியில் ஆடம்ஸ் ஒருவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. எழுதிய வரைவை 1780 வசந்தத்தில் ஊர் ஊராக அனுப்பினார்கள். 21 வயது நிரம்பிய சுதந்திர ஆண்கள் எல்லோருக்கும், சொத்து இல்லாவிட்டாலும், இந்த ஒரு விஷயத்தில் ஓட்டு உண்டு. மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்கள் விதி விதியாகப் படித்து விவாதித்து, இதை ஏற்கிறோம், இதை ஏற்கவில்லை, காரணம் இது என்று எழுதி அனுப்பின. மத போதகர்களுக்கு ஊர்ப் பணத்தில் சம்பளம் என்ற மூன்றாவது விதிமேல்தான் அதிகச் சண்டை. அக்டோபர் 25 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அது கொண்டுவந்த அரசில் ஓட்டுப்போட மறுபடியும் சொத்து வேண்டும் என்று எழுதியிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. பெண்களுக்கு எந்த இடத்திலும் ஓட்டு இல்லை.

சனிக்கிழமை காலை காரில் மேற்கே புறப்பட்டோம். இரண்டரை மணி நேர ஓட்டம். தங்கை மகன் எட்டாம் வகுப்பு, பின்சீட்டில் பாதி வழி தூங்கினான். பெர்க்‌ஷயர் மலைகள் வந்ததும் மேப்பிள் மரங்களின் நுனிகள் மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தன. ஷெஃபீல்டு ஊரின் தெற்கு ஓரம், ஹூசடானிக் ஆற்றுக்குப் பக்கத்தில், கர்னல் ஜான் ஆஷ்லியின் வீடு. 1735-இல் கட்டியது. அந்த வட்டாரத்திலேயே பெரிய பணக்காரர், நீதிபதி. ஐந்தாறு பேரோடு ஒரு வழிகாட்டி உள்ளே கூட்டிப் போனார்.

மாடியில் மரப்பலகை வேய்ந்த ஓர் அறை. ஆஷ்லியின் படிப்பறை. 1773 ஜனவரியில் ஊர் நியமித்த குழு இங்கே கூடி ஒரு தீர்மானம் தயாரித்தது. இயற்கை நிலையில் மனிதர்கள் எல்லோரும் சமம், சுதந்திரமானவர்கள், ஒருவருக்கு ஒருவர் கட்டுப்படாதவர்கள் என்று அது சொல்கிறது. ஜெஃபர்சன் சுதந்திரப் பிரகடனம் எழுதுவதற்கு மூன்று ஆண்டு முன்னால். எழுதியவர்களில் முக்கியமானவர் தியோடர் செட்ஜ்விக் என்ற இளம் வக்கீல்.

கீழே அடுப்படி. அங்கே வேலை செய்தவர் பெட். ஆஷ்லி குடும்பத்துக்கு அடிமை. எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் எஜமானி ஹன்னா ஆஷ்லி, அடுப்புக் கரண்டியைக் காய்ச்சி இன்னொரு பெண்ணை அடிக்க ஓங்கினாள். பெட் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். கை எலும்பு வரை காயம். ஆறும்வரை அதை மூடவே இல்லையாம். கையில் என்ன என்று வருகிறவர்கள் கேட்டால், எஜமானியைக் கேளுங்கள் என்பாராம். இதையெல்லாம் பின்னாளில் எழுதி வைத்தவர் செட்ஜ்விக்கின் மகள் கேத்தரின்.

அந்தக் கணப்பின் முன்னால் நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். மாடி அறையில் பேசியது கீழே கேட்டிருக்குமா? வீட்டின் அளவைப் பார்த்தால் கேட்காமல் இருக்க வழியில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

புதிய அரசியலமைப்பின் முதல் விதி, எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்கிறது. அதை ஊரில் யாரோ வாசிக்க பெட் கேட்டார் என்று சொல்கிறார்கள். நேரே போய் நின்றது செட்ஜ்விக்கின் வாசலில். நான் வாயில்லா ஜீவன் இல்லையே, சட்டம் எனக்கு என் விடுதலையைத் தராதா என்று கேட்டதாகக் கேத்தரின் எழுதுகிறார். மாடியில் தீர்மானம் எழுதிய அதே வக்கீல், அதே வீட்டுக்காரர்மேல் வழக்குப் போட்டார். ஆஷ்லியிடம் அடிமையாக இருந்த பிராம் என்பவரும் வழக்கில் சேர்ந்தார். 1781 ஆகஸ்டில் விசாரணை. இடம், ஏழு ஆண்டு முன்னால் 1,500 பேர் கூடி நீதிமன்றத்தை மறித்த அதே கிரேட் பாரிங்டன். பெட்டும் பிராமும் அடிமைகள் அல்ல என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 30 ஷில்லிங் நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னார்கள். ஆஷ்லி மேல்முறையீடு செய்துவிட்டு அப்புறம் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் சம்பளம் தருகிறேன், திரும்பி வா என்றும் கூப்பிட்டுப் பார்த்தார். பெட் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டு, செட்ஜ்விக் வீட்டில் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தார்.

இரண்டு ஆண்டு கழித்து குவாக் வாக்கர் என்ற இன்னொரு அடிமையின் வழக்கில் மாநிலத் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், அடிமைமுறை இந்த அரசியலமைப்போடு ஒத்துப்போகாது என்று ஜூரிகளிடம் சொன்னார். 1790 கணக்கெடுப்பில் மாசசூசெட்ஸில் ஓர் அடிமைகூடப் பதிவாகவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் எழுதிய சட்டமோ, அதற்கு நடுவில், அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. ஆடம்ஸின் சட்டத்திலிருந்து எத்தனையோ எடுத்துக்கொண்டவர்கள், முகவுரையில் 'விதித்து நிறுவுகிறோம்' என்ற சொற்களைக்கூட விடாதவர்கள், அந்த முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஷெஃபீல்டிலிருந்து எக்ரமான்ட் போகும் சாலையோரம் வயலை ஒட்டி ஒரு கல்தூண் இருக்கிறது. வண்டியை நிறுத்திப் பார்த்தோம். ஷேஸ் கிளர்ச்சியின் கடைசிச் சண்டை இங்கே நடந்தது, 1787 பிப்ரவரி 27. கடனிலும் வரியிலும் நிலத்தை இழந்துகொண்டிருந்த விவசாயிகள், பழைய வழக்கப்படியே நீதிமன்றங்களை மூடக் கிளம்பினார்கள். இந்த முறை அவர்களுடைய சொந்த அரசே படையை அனுப்பியது. இந்தக் கலவரத்தின் பயத்தோடுதான் மூன்று மாதம் கழித்து ஃபிலடெல்ஃபியாவில் கூடினார்கள். சண்டை நடந்த அன்று காலை ஸ்டாக்பிரிட்ஜ் ஊரில் கிளர்ச்சிக்காரர்கள் செட்ஜ்விக் வீட்டுக்குள்ளும் புகுந்தார்கள். வீட்டில் பொறுப்பாக இருந்தவர் எலிசபெத் ஃப்ரீமன். வெள்ளிச் சாமான்களைத் தன் பெட்டிக்குள் ஒளித்துக் காப்பாற்றினார்.

திரும்பும் வழியில் அந்த ஸ்டாக்பிரிட்ஜ் மயானத்தில் இறங்கினோம். செட்ஜ்விக் குடும்பக் கல்லறைகள் வட்டம் வட்டமாக இருக்கின்றன. அந்த வட்டத்துக்குள்ளேயே எலிசபெத்துக்கும் ஒரு கல். 1829 டிசம்பர் 28-இல் இறந்தார், வயது 85 இருக்கலாம், அடிமையாகப் பிறந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டு அடிமையாக இருந்தார், எழுதவோ படிக்கவோ தெரியாது என்று போகிறது வாசகம். தங்கை மகன் குனிந்து படித்துவிட்டு விரல்விட்டு எண்ணினான்.

"பெரியம்மா, கணக்கு இடிக்குதே. 1781-ல அவங்களுக்கு 37 ஆகியிருக்கணும். முப்பதுன்னு போட்டிருக்காங்க."

பிறந்த வருடத்தை யாரும் எழுதி வைக்கவில்லை கண்ணா என்றேன். அவன் மறுபடியும் குனிந்து, 'இருக்கலாம்' என்ற அந்த இடத்தைத் தேடி விரலை வைத்துப் பார்த்தான்.