கை மறைக்க இலை இல்லை

போன வாரம் ஒரு பர்கர் கடையில் மானம் போயிற்று. கவுண்டரில் நின்ற பெண் கைநிறைய சாஸ் பொட்டலங்களை அள்ளி என் தட்டில் போட வந்தாள். நான் யோசிக்கும் முன்பே என் இரண்டு கைகளும் விரிந்து தட்டுக்குக் குடை பிடித்துவிட்டன, உடம்பும் முன்னால் குனிந்துவிட்டது. பந்தியில் பாயச வாளி வரும்போது செய்வோமே, அதேதான். அவள் மிரண்டுபோய்ச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "சாரி" வேறு சொன்னாள். எனக்கு உறுத்தியது அந்த "சாரி"தான். ஊராக இருந்தால் விரல் இடுக்கு வழியாகவே ஊற்றியிருப்பார்கள்.

நான் நீடாமங்கலம் பக்கம். அமெரிக்காவில் ஒஹாயோவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. குளிர்பதன இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை, நாள் முழுக்க வண்டியில். மதியம் நெடுஞ்சாலையின் எந்த எக்ஸிட்டில் பசிக்கிறதோ அங்கே சாப்பாடு. வீட்டம்மா கும்பகோணத்தில் விசாவுக்குக் காத்திருக்கிறாள். கட்டுச்சோறு கட்டிப் போகலாமே என்பீர்கள். போனேன். ஜனவரிக் குளிரில் வண்டியில் வைத்த தயிர்சாதம் செங்கல்லாகி, டப்பாவைத் தட்டினால் சத்தம் வந்தது.

அப்புறம் டாக்டர். ஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு, 5.9 என்றார். 5.7-இல் இருந்து 6.4 வரை சர்க்கரை வியாதியின் திண்ணை, 6.5 வந்தால் வீட்டுக்குள்ளேயே போன மாதிரி. நம் நாட்டு உடம்புக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 23 தொட்டாலே சர்க்கரை பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு 27. இருபது பவுண்டு குறையுங்கள் என்றார். ஒன்பது கிலோ. ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இங்கே கடைப் பலகையில் பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். வந்த புதிதில் டோக்கன் நம்பர் என்று நினைத்தேன். கலோரிக் கணக்காம். ஒரே பெயரில் 20 கிளைகளோ அதற்கு மேலோ வைத்திருந்தால் எழுதியே ஆக வேண்டும் என்று 2018 மே மாதத்திலிருந்து சட்டம். கீழே பொடியாக, நாளைக்கு 2,000 கலோரி என்பது பொதுக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும் என்று ஒரு வரி. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் இப்படி எழுதி ஒட்டினால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அன்றோடு சரி.

அந்தப் பலகையைப் படித்தே கொஞ்சம் தேறினேன். பொரித்த கோழிக்குப் பதில் சுட்ட கோழி. மயோனீஸ் வேண்டாம். கோலா கிடையாது, ஒரு டின்னில் 39 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய பத்து டீஸ்பூன். சாலட் நல்ல பிள்ளை என்று நம்பி ஏமாந்ததும் உண்டு. அதன் மேல் ஊற்றும் ரான்ச் சாஸ் இரண்டு மேசைக்கரண்டியே 130 கலோரி வரும். தழையைத் தின்றுவிட்டு எண்ணெயைக் குடித்திருக்கிறேன்.

ஆனால் என் குறை கலோரி இல்லை. "ஃப்ரைஸ் வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுகிறார்கள். முதல் "வேண்டாம்"மிலேயே! என் அத்தையிடம் முதல் "வேண்டாம்" கணக்கிலேயே சேராது. இரண்டாவது சும்மா மரியாதைக்கு. மூன்றாவதுக்குக் கையை விரித்து இலையை மறைக்க வேண்டும். அதற்கும், "என்னப்பா, குருவி மாதிரி கொத்துற?" என்று சொல்லிக்கொண்டே, கை நகர்ந்த ஓரமாகப் பார்த்து ஒரு கரண்டி விழும். அந்தக் கரண்டிக்கு வயிற்றில் இடம் விட்டுத்தான் "வேண்டாம்" சொல்லவே ஆரம்பிப்போம். இங்கே அப்படி இடம் விட்டுவிட்டு, அரை வயிற்றோடு எழுந்த நாட்கள் எத்தனையோ. இளைப்பதற்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது.

சரி, பழகிவிட்டது. நாலு கிலோ குறைந்திருக்கிறது. பசித்தால் ஆப்பிள், தாகத்துக்குத் தண்ணீர், ஊர் நினைப்பு வந்தால் நடை.

நேற்று கடை வாசலில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டு முடித்த நேரம் அம்மா போன் செய்தாள். மேட்டூர் தண்ணீர், எங்கள் ஊர்ப் பக்கம் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்கு வந்துவிட்டதாம், வெண்ணாறு நுரையோடு போகிறதாம், நாற்றங்காலுக்கு ஆள்தான் கிடைக்கவில்லையாம்.

"சாப்புட்டியா?"

"ஆச்சும்மா."

"என்ன சாப்புட்ட?"

"கோழி. ரொட்டி."

"அப்பறம்?"

"அவ்ளோதான்."

"அப்பறம்?"

"போதும்மா, வயிறு நெறஞ்சிடுச்சு."

"அது எப்படிய்யா நெறையும்? அப்பறம்?"

மூன்று தடவை. போனை வைத்துவிட்டு, வண்டியைத் திருப்பி மறுபடியும் அந்த வரிசையிலேயே நின்றேன். ஃப்ரைஸ்தான். சின்னப் பொட்டலம்.